கோத்தகிரி வீடு: தரகர் பவர் கேட்கிறார்

வணக்கம். சென்னையில் இருந்துகொண்டு கோத்தகிரி வீட்டை விற்க முயலும் தங்களிடம், "உங்கள் கைக்கு அறுபது லட்சம், அதற்கு மேல் வருவது எனக்கு, பவரும் மூலப்பத்திரமும் கொடுங்கள்" என்று தரகர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள்.

பவர் (தங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்), மூலப்பத்திரம் (வீட்டின் அசல் உரிமைப் பத்திரம்) இரண்டையும் கொடுக்க வேண்டாம். கிரயம் (விற்பனை) செய்யும் அதிகாரத்தோடு பவர் எழுதிவிட்டால், விலை பேசுவது, முன்பணம் வாங்குவது, கையெழுத்திடுவது எல்லாமே அவர் கைக்குப் போய்விடும். வாங்குபவரின் முகத்தைக்கூடத் தாங்கள் பார்க்காமல் போகலாம். பத்திரத்தில் எழுபது லட்சம் என்று பதிவானால், அதில் பத்து லட்சத்தைத் தரகர் எடுத்துக்கொண்டிருந்தாலும், மூலதன ஆதாய (சொத்தை விற்ற லாபத்துக்கான) வரிக் கணக்கில் விற்பனை விலையாக எழுபதும் தங்கள் பெயரில்தான் ஏறும். ஆகவே வாங்குபவரிடம் தாங்களே நேரில் விலை பேசுங்கள். தரகை விலையில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என எழுத்தில் முடித்து, கிரயப் பதிவன்று வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கினால், அந்தச் செலவை ஆதாயக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது. விற்பனை ஒப்பந்தத்தையும் தமிழ்நாட்டில் 2012 முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால், தரகர் நீட்டும் வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி ஆகியவற்றின் நகல்களே அவருக்குப் போதும். மலையில் விவரமறிந்தவர்கள் கட்டட அனுமதியைத்தான் முதலில் கேட்பார்கள். வீட்டைத் தை, மாசியில் காட்டுங்கள். ஐப்பசி மழையில் காட்டினால் சுவர் ஈரத்தைச் சொல்லியே விலையைக் குறைப்பார்கள். சாவியைத் தரகரிடம் விடாமல், நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வைக்கலாம்.