தோவாளைப் பூக்களின் விலையும் ஆங்கில வினைச்சொல்லும்

கேள்வி: ஐயா, பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து, பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, 2 ஆண்டுகளாக, மத்திய அரசுப் பணிகளுக்கு எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் சி.ஜி.எல். என்னும் பட்டதாரிகளுக்கான தேர்வுக்காக நாகர்கோவிலுக்குப் பேருந்தில் சென்று பயிற்சி பெற்று வருகிறேன். கணக்கிலும் ரீசனிங்கிலும் குறையில்லை. ஆங்கிலத்தில் மட்டும் 25 கேள்விகளில் 11, 12 என்பதைத் தாண்ட முடியவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட இலக்கண விதிகளை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் 'ஸ்பாட் தி எரர்' (பிழையைக் கண்டுபிடி) கேள்விக்கு வந்தால் எல்லா வாக்கியமும் சரியாகவே தெரிகிறது. நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து ஏழெட்டுக் கேள்விகளை விட்டுவிடுகிறேன். வீட்டில் அம்மாவிடமும் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும் என்கிறார் பயிற்சி ஆசிரியர். பெங்களூரில் இருக்கும் அத்தான் தம்முடைய பழைய ஜிமேட் (மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான தேர்வு) புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். அதைப் படிக்கலாமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, 'எல்லா வாக்கியமும் சரியாகவே தெரிகிறது' என்பது. விதி தெரியாதவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. நூறு விதிகளை மனப்பாடம் செய்தவர் சொன்னால், அந்த வாக்கியங்களை அவர் எந்தக் காதால் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். நீங்கள் தமிழ்க் காதால் கேட்கிறீர்கள். அதில் குற்றமில்லை, நம் எல்லோருக்கும் இருப்பது அந்தக் காதுதான். ஆனால் அந்தக் காது எங்கே நம்மை ஏமாற்றுகிறது, எங்கே காப்பாற்றுகிறது என்பதைப் பிரித்து அறிந்துகொண்டால், நூறு விதிகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் மறந்துவிடலாம்.

முதலில் ஏமாற்றும் இடங்கள். 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி மேட்டர்' என்பது உங்களுக்குச் சரியாகத் தெரியும், ஏனென்றால் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதே நம் வழக்கு. அந்தப் 'பற்றி'தான் அபௌட் ஆக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் டிஸ்கஸ் என்ற வினைக்கு அந்தத் துணை தேவையில்லை. 'அறைக்குள் நுழைந்தான்' என்பதால் 'என்டர்ட் இன்டு தி ரூம்' என்றும், 'அவரோடு திருமணம்' என்பதால் 'மேரீட் வித்' என்றும், 'என்னைவிட மூத்தவர்' என்பதால் 'சீனியர் தேன் மீ' என்றும் எழுதுகிறோம். என்டர்ட் தி ரூம், மேரீட் டு, சீனியர் டு மீ என்பவையே சரி. 'சென்ற ஆண்டு சென்னைக்குப் போயிருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அதனால் 'ஐ ஹேவ் கான் டு சென்னை லாஸ்ட் இயர்' என்பது நெருடுவதில்லை. ஆனால் முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வாக்கியத்தில் இருந்தால் ஆங்கிலம் அங்கே ஹேவ் வருவதை ஏற்காது. வெண்ட் என்றுதான் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், '2 ஆண்டுகளாகப் படித்து வருகிறேன்' என்று நீங்களே எழுதக்கூடிய வாக்கியத்தை 'ஐ ஆம் ஸ்டடியிங் ஃபார் டூ இயர்ஸ்' என்று மாற்றினால் தவறு. அங்கே 'ஹேவ் பீன் ஸ்டடியிங்' வேண்டும்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் கற்பிக்கச் சேர்ந்த முதல் மாதத்தில் வகுப்பில் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று சொல்லி, முன்வரிசை மாணவி ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். ஃப்ரெண்ட்ஸ் என்று பன்மை வர வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் 'என் நண்பர் ஒருவர்' என்று மனத்துக்குள் ஓடிய தமிழ், ஒருமையை வாயில் வைத்துவிட்டது. அன்றிலிருந்து பிழை செய்பவரிடம் நான் விதியைக் கேட்பதில்லை, அந்த நேரத்தில் மனத்தில் ஓடிய தமிழ் என்ன என்றுதான் கேட்கிறேன்.

இனி காப்பாற்றும் இடங்கள். இவற்றைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'தி பிரைஸ் ஆஃப் தி ஃப்ளவர்ஸ் சோல்ட் இன் தி தோவாளை மார்க்கெட் வேரி எவ்ரி டே.' வேகமாகப் படித்தால் குறையொன்றும் தெரியாது. ஃப்ளவர்ஸ் என்ற பன்மை கண்ணில் நிற்கிறது, வேரி என்ற வினை அதோடு ஒட்டிப்போகிறது. இதை அப்படியே நல்ல தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'தோவாளைச் சந்தையில் விற்கும் பூக்களின் விலை நாள்தோறும் மாறுகிறது.' மாறுவது பூவா, விலையா என்ற ஐயமே எழாது. தமிழில் தலைமைப் பெயர் அடைமொழிகளை எல்லாம் முன்னே அனுப்பிவிட்டு, வினைக்கு அருகில் கடைசியாக வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அது முதலிலேயே வந்துவிடுகிறது. அடைமொழிகள் பின்னால் வால்போல நீண்டு, வினையை அதனிடமிருந்து பிரித்துவிடுகின்றன. தேர்வுக்கு வாக்கியம் எழுதுபவர் பொறி வைப்பது அந்த இடைவெளியில்தான். பிரைஸ் ஒருமை, ஆகவே வேரீஸ்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனையைப் பேச்சுத் தமிழில் செய்யாதீர்கள். 'மரங்கள் விழுந்தது' என்று பேச்சில் நாம் எல்லோரும் சொல்கிறோம். அஃறிணைப் பன்மைக்கு உரிய 'விழுந்தன' எழுத்தோடு நின்றுவிட்டது. ஆகவே எழுத்துத் தமிழில் மாற்றிப் பாருங்கள், அல்லது அந்த இடத்தில் ஓர் உயர்திணைப் பெயரை வைத்துப் பாருங்கள். 'மாணவர்களில் ஒருவன் வந்தார்கள்' என்று உங்கள் வாய் ஒருநாளும் சொல்லாது. அப்படியானால் 'ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஆர்' என்பதையும் அது ஏற்கக் கூடாது.

இதைவிடச் சுவையான துணை நம் வினையெச்சம். 'வாக்கிங் அலாங் தி பாத், தி வாட்டர்ஃபால் கேம் இன்டு வியூ' என்ற வாக்கியத்தை 'டேங்ளிங் மாடிஃபையர்' (உரிய எழுவாயோடு ஒட்டாமல் தொங்கும் அடைத்தொடர்) என்ற பெயரில் பத்துப் பக்கம் விளக்குவார்கள். தமிழில் சொல்லுங்கள்: 'பாதை வழியே நடந்து, அருவி கண்ணில் பட்டது.' திற்பரப்பு அருவியே எழுந்து நடந்து வந்ததுபோல் இருக்கிறதல்லவா? 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம், முடிக்கும் வினையின் எழுவாயையே தனக்கும் எழுவாயாகக் கொள்ளும் என்பது தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் இலக்கணம். 'மழை பெய்து குளம் நிறைந்தது' போலக் காரண காரியமாக வரும் விலக்குகள் உண்டு. அவற்றை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆங்கில வாக்கியம் ஐஎன்ஜி என்று முடியும் சொல்லோடு தொடங்கி, காற்புள்ளி வந்தவுடன் நின்று கேளுங்கள்: அந்தச் செயலைச் செய்தது யார், காற்புள்ளிக்குப் பின் நிற்பது அவர்தானா?

இந்த இரண்டிலும் அடங்காத மிச்சம் ஒன்று உண்டு. மரபுத் தொடர்ச்சி என்று அதைச் சொல்லலாம். 'கேப்பபிள்' என்றால் பின்னால் 'ஆஃப் டூயிங்', 'ஏபிள்' என்றால் 'டு டூ', 'ப்ரிவென்ட்' என்றால் 'ஃப்ரம்', 'ரிகார்ட்' என்றால் 'ஆஸ்', 'லுக் ஃபார்வர்ட் டு' என்றால் 'மீட்டிங்'. 'கோப்' என்ற சொல்லோடு 'வித்' மட்டும் வரும். நடுவில் 'அப்' வராது. ஏன் என்று கேட்டால் யாரிடமும் உருப்படியான விடை இருக்காது. நம் மாவட்டத்தில் 'ஓர்மை இருக்கா' என்கிறோம், மதுரையில் 'ஞாபகம் இருக்கா' என்கிறார்கள். ஏன் என்று எந்த விதியை வைத்து விளக்குவது? கேட்டுப் பழகியவருக்குத் தெரியும். ஆகவே இதற்கு மட்டும் படித்துப் பழக வேண்டும். தினமும் ஓர் ஆங்கில நாளேட்டுத் தலையங்கத்தை எடுத்து, பொருளைப் பற்றிக் கவலைப்படாமல், வினைக்குப் பின் வரும் சிறு சொல்லை மட்டும் அடிக்கோடிட்டு, அந்தத் துண்டை வாய்விட்டுப் படியுங்கள். 20 நிமிடம் போதும்; நாகர்கோவில் பேருந்திலேயே முடித்துவிடலாம், அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்ற கூச்சம் இல்லாவிட்டால். 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்' என்பது போன்ற இணைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடுங்கள். 'ஸ்பில் தி பீன்ஸ்' (ரகசியத்தை வெளியிடுவது) போன்ற தொடர்களுக்குப் பொருள் கேட்கும் கேள்விகளில், சொல்லுக்குச் சொல் பொருளாக வரும் விடை பெரும்பாலும் பொறியாகத்தான் இருக்கும்.

நெகட்டிவ் மார்க் பற்றிக் கணிதப் பட்டதாரியான நீங்கள் பயப்படுவது எனக்கு விளங்கவில்லை. 2022 முதல் உள்ள முறைப்படி, முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2, தவறுக்கு 0.50 குறைவு. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், 4 கேள்விகளுக்குச் சராசரியாக 1 சரி, 3 தவறு, 2-இல் 1.5 போக அரை மதிப்பெண் மிஞ்சும். இரண்டாம் கட்டத்தில் சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 குறைவு என்பதால் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும். ஒரே ஒரு விடையையாவது காரணத்தோடு தள்ளிவிட முடிந்தால் இரண்டு கட்டத்திலும் லாபம் உங்களுக்குத்தான். இரண்டாம் கட்டத்தில் தரவரிசைக்கு எண்ணப்படும் 390 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு மட்டும் 135 என்பதையும் கணக்கில் வையுங்கள். நீங்கள் எழுதும் ஆண்டின் அறிவிக்கையில் இந்த எண்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் தேர்வுகளைக் குறைத்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தவறவிட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி, அருகில் திருத்தத்தை எழுதி, அதற்கும் கீழே உங்களை ஏமாற்றிய தமிழ்த் தொடரை எழுதுங்கள். இந்த மூன்றாவது வரியை எழுதத்தான் சோம்பல் வரும், விடாமல் எழுதுங்கள். நாற்பது, ஐம்பது வாக்கியம் ஆனதும், உங்கள் பிழைகள் ஐந்தாறு வாசல் வழியாகத்தான் வருகின்றன என்பதை நீங்களே காண்பீர்கள்.

அம்மாவிடம் ஆங்கிலம் பேச வேண்டியதில்லை. திருத்துவதற்கு ஆளில்லாத பேச்சில் பிழைகள்தான் உறுதிப்படும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று நூறு முறை சொல்லிவிட்டால் பிறகு அதுவே காதுக்கு இனிமையாகிவிடும். அம்மா உதவ விரும்பினால், மேலே சொன்ன அருவி வாக்கியம் போன்றவற்றைத் தமிழில் சொல்லி, அவருக்கு நெருடுகிறதா என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்து இலக்கணம் மறந்தவர்கள்கூட அதில் தவறுவதில்லை.

அத்தான் கொடுத்த புத்தகத்தைப் பொறுத்தவரை, ஜிமேட் தேர்வே 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் சென்டென்ஸ் கரெக்‌ஷன் (வாக்கியத் திருத்தம்) பகுதியைக் கைவிட்டுவிட்டது. ஆகவே அது இனி ஜிமேட் எழுதுவோருக்கும் பழைய புத்தகம்தான். அதன் போக்கும் வேறு: அடிக்கோடிட்ட நீண்ட பகுதிக்கு ஐந்து வடிவங்கள் தந்து சிறந்ததைக் கேட்பார்கள், முதல் வடிவம் எப்போதும் மூல வாக்கியமே. உங்கள் தேர்வில் வாக்கியங்கள் அவ்வளவு நீளமாக வருவதில்லை. அதனால் மாடிஃபையர், பேரலலிசம் (இணையான பகுதிகளை ஒரே வடிவில் அமைப்பது) என்ற இரண்டு அத்தியாயங்களை மட்டும், நாளுக்கு ஐந்து வாக்கியம் என்ற கணக்கில், தமிழில் மாற்றிப் பார்க்கும் பயிற்சிக்காக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அத்தியாயங்களை இப்போதைக்குத் திறக்க வேண்டாம்.