எங்களுக்கு அதில் சிரமமில்லை

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. இரண்டு ஆண்டுகளாகச் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் நடக்கிறது. அவரே பேருந்தில் போய் வந்துவிடுவார். எங்களுக்கு அதில் சிரமமில்லை. பொட்டாசியம் அதிகம் என்பதால் வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். உப்பைக்கூட விலை அதிகமான, சோடியம் குறைந்த உப்பாக மாற்றிவிட்டோம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.7 வருகிறது. எங்களுக்குத் தெரியாமல் எதையோ சாப்பிடுகிறார் என நினைக்கிறேன். அவரை எப்படித் திருத்துவது?
— கும்பகோணம் வாசகர்

பதில்: தந்தையைத் திருடன் என்று தீர்மானிக்குமுன் அந்த உப்பு உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள், தம்பி. இத்தகைய உப்புகள் பெரும்பாலானவற்றில் சோடியத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்க்கிறார்கள். மூன்று வேளையும் நீங்களே பரிமாறிவிட்டு, அவர் ஒளித்துத் தின்கிறார் என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

உப்பு அறியாமல் செய்த பிழை. ஆனால் "எங்களுக்கு அதில் சிரமமில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் கடந்து போக முடியவில்லை. இரண்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது உடன் போய் உட்கார்ந்திருந்தால், இந்த உப்பைப் பற்றி அங்கே யாரேனும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் முடிந்து இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும் நிலையில் பேருந்து நிறுத்தத்தில் தனியே நிற்பவர், களைப்புக்கு எதை வாங்கிக் குடிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? கடைசிப் பேருந்தைத் தவறவிடாதிருக்க, 4 மணி நேரம் முடியும் முன்பே இயந்திரத்தைக் கழற்றச் சொல்லி எழுந்துவிடுகிறாரா? தனியாக வருகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். குறைகிற ஒவ்வோர் அரைமணியும் பொட்டாசியமாக உடலிலேயே தங்கிவிடுகிறது. சனிக்கிழமைக்குப் பின் வரும் இரண்டு நாள் இடைவெளிதான் வாரத்திலேயே ஆபத்தானது என்பதால், செவ்வாய்க்கிழமை எண் உயர்ந்து நிற்பதில் வியப்பில்லை.

பணம் கொடுத்து, பழத்தை நிறுத்திவிட்டால் மகனின் கடமை முடிந்துவிட்டதாக நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வரும் செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் செல்லுங்கள். உப்பு உறையையும் எடுத்துப் போய் உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல் உண்டா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்றும் மருத்துவரிடம் பேசுங்கள். இவ்விரண்டும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை.

வீட்டில் சாதாரண உப்பையே, மருத்துவர் சொல்லும் குறைந்த அளவில் போடுங்கள். உருளைக்கிழங்கு, கீரை போன்றவற்றைப் பொடியாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்த நீரைக் கொட்டிவிட்டு, அதன்பிறகும் சிறிதளவே கொடுக்கலாம். வெந்த நீரையே சாம்பாரில் ஊற்றினால் பாடுபட்டது வீண். சுரைக்காய், புடலங்காய், கோஸ் ஆகியவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

பொட்டாசியம் 5-ஐத் தாண்டினாலே கவனம் தேவை, 6.7 என்பது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு. முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமலும் அது நேரலாம். ஆகவே இன்றே டயாலிசிஸ் மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, உப்பைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கால்கள் துவண்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அது ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவாக இருந்தாலும் செவ்வாய் வரட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அன்றும் அவரைப் பேருந்தில் அனுப்பிவிடாதீர்கள்.