டெலஸ்கோப் வாங்குவது இருக்கட்டும்

கேள்வி: நாற்பது வயதுக்கு மேல் வானம் பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பவே இரவு எட்டாகிவிடும். எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள், இப்போதைக்கு. நான் முதலில் வாங்கியதன் பெட்டியில் '675 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முன்கண்ணாடியின் விட்டம் 60 மில்லிமீட்டர். அதை இரண்டால் பெருக்கினால் 120. நல்ல கண்ணாடியாக இருந்தாலும் அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் என்று பிறகுதான் படித்தேன். அதன் முக்காலி வேறு, மூச்சு விட்டாலே ஆடும். வியாழனை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, மனைவியைக் கூப்பிட்டு, அவர் குனிவதற்குள் வியாழன் நகர்ந்து போயிருக்கும். பூமி சுற்றுகிறதே! மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். அப்புறம் அந்த முக்காலியில் ஈரத் துண்டு காய்ந்தது.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு 10x50 பைனாகுலர். பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர், அவ்வளவுதான். சாய்வு நாற்காலியில் சரிந்து, முழங்கைகளை அதன் கைகளில் அழுத்திக்கொண்டால் ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். வியாழனை ஒட்டி ஒரே வரிசையில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலாக்கள். சில நாள் மூன்றுதான் இருக்கும், ஒன்று ஒளிந்திருக்கும். நோட்டில் வட்டம் போட்டு, பக்கத்தில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வரிசை கலைந்திருக்கும். உள்ளே சுற்றுகிறவர் ஒன்றே முக்கால் நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறார். பெயர் ஐயோ! நான் வைத்ததல்ல.

கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தீர்களோ, மறுபடி முதலிலிருந்துதான். அலுவலகக் குழுவில் வரும் செய்திகளுக்கு நான் பதில் போடாததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறேன். பௌர்ணமி நிலவு பார்க்க அழகு, ஆனால் நிழல் விழாததால் தட்டையாகத் தெரியும். அரைநிலவன்று பாருங்கள், வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் பள்ளங்கள் துல்லியமாக இருக்கும். பகலில் மட்டும் பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, பார்வை போய்விடும்.

கேள்வி: நான் தாள் மடித்து உருவங்கள் செய்கிறேன். "வீடியோ போட்டால் காசு வருமே" என்று மகன் நச்சரிக்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: வில்லியம் ஹெர்ஷல் கதையை அவனிடம் சொல்லுங்கள். பிழைப்புக்கு இசை, ஆசைக்கு வானம் என்று இருந்தவர். 1781 மார்ச் 13 அன்று ஒன்றைப் பார்த்து வால்மீன் என்று நினைத்தார், அது யுரேனஸ். மறு ஆண்டு பிரிட்டன் அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்டு சம்பளம் கொடுத்தார். ஹெர்ஷல் இசைத் தொழிலை விட்டுவிட்டு, அரச குடும்பம் கேட்டபோதெல்லாம் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது பிடித்தும் இருந்திருக்கலாம். எனக்கென்றால் 'அரசர் கூப்பிடுகிறார்' என்று ஆள் வந்தாலே வயிற்றைக் கலக்கும். உங்கள் தாளை நீங்கள் பாட்டுக்கு மடியுங்கள். வீடியோ எடுக்கிற ஆசை மகனுக்கு இருந்தால், அது அவனுடைய பொழுதுபோக்கு.

கேள்வி: மேகம் மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்?

பதில்: நோட்டில் தேதி போட்டு 'மேகம்' என்று எழுதிவிட்டுப் படுத்துவிடுவேன். போன மாதம் அப்படி பதினொரு பக்கம்.