தினமும் கில்ட்: காற்றும் மடிப்பும்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கில்ட் (அந்த நாட்டு ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை) உடுத்தி வேலைக்குப் போனால் காற்றில் பறக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் பின்மடிப்பு கசங்குகிறது, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் துணி இரண்டையும் சேர்த்து ஊக்கு குத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

சேர்த்துக் குத்தவே குத்தாதீர்கள். ஊக்கு மேல்துணியில் மட்டும்தான். இரண்டையும் பிணைத்தால் நடக்கும்போது இழுபட்டுத் துணி கிழியும்.

காற்றுக்கு மருந்து துணியின் கனம்தான். சுற்றுலாக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை இழைத் துணி அந்த ஊர்க் காற்றுக்கு நிற்காது. கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளியில் 8 கெஜம் வைத்துத் தைத்தால் பின்பக்கம் நன்றாக இறங்கித் தொங்கும். தினசரிக்கு 5 கெஜமே போதும், விலையும் குறையும். ஆனால் கனத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உட்காரும்போது கையைப் பின்னால் கொண்டுபோய் மடிப்புகளைக் கீழ்நோக்கித் தடவிவிட்டு உட்காருங்கள். சில நாளில் கை தானாகப் போகும். முன்துணி கால்களுக்கு நடுவே இறங்கட்டும், இடுப்பிலிருந்து முன்னால் தொங்கும் ஸ்போரன் பை அதை அமுக்கிக்கொள்ளும். இரவில் இடுப்புப் பட்டையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். கம்பளி என்றால் வாஷிங் மெஷின் பக்கமே போகக்கூடாது.

அலுவலகத்துக்குக் கல்யாணக் கோட்டெல்லாம் வேண்டாம். ஸ்வெட்டரும் கனமான பூட்ஸும் போதும். எந்த டார்ட்டன் (ஸ்காட்லாந்துக் குலங்களோடு சேர்த்துச் சொல்லப்படும் கட்டம்போட்ட துணி வடிவம்) உடுத்துவது என்ற தயக்கமும் வேண்டாம். சட்டத்தடை கிடையாது, பிளாக் வாட்ச் என்ற கரும்பச்சை, நீல டார்ட்டன் யாருக்கும் பொருந்தும்.

அப்புறம், உள்ளே என்ன போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. மாடிப் பேருந்தில் ஏறுகிறவர் ஏதாவது போட்டுக்கொள்வது நல்லது.