கேள்வி பதில்: டெலீட் ஏன் கடைசியில் ஓடுகிறது?

கேள்வி: ஹைபர்னேட்டில் (ஜாவா நிரலிலிருந்து டேட்டாபேஸைக் கையாளும் லைப்ரரி) ஆர்டர் 7-இன் 3-ஆவது ஐட்டத்தை ரிமூவ் செய்துவிட்டு, அதே 3-ஆம் எண்ணில் புதிய ஐட்டத்தை பெர்சிஸ்ட் செய்கிறேன் (சேமிக்கிறேன்). டெலீட்டை முதலில் எழுதியும் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற விதி) பிழை வருகிறதே?

பதில்: நீங்கள் எழுதிய வரிசையை ஹைபர்னேட் பார்ப்பதில்லை. ஃப்ளஷ் ஆகும்போது, அதாவது சேர்த்துவைத்த மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்பும்போது, முதலில் இன்செர்ட், பிறகு அப்டேட், பிறகு கலெக்‌ஷன் மாற்றங்கள், எல்லாம் முடிந்தபின்தான் டெலீட். இதில் நியாயமும் உண்டு. அழியப்போகும் பதிவை இன்னொரு பதிவு சுட்டிக்கொண்டிருக்கலாம். புதியது உள்ளே வந்து, சுட்டுவது அதற்கு மாறிய பிறகே பழையதை எடுக்க முடியும். உங்களுக்கு நேர்ந்தது, பழைய (7, 3) இருக்கும்போதே புதிய (7, 3) உள்ளே போக முயன்றது. ரிமூவுக்கும் பெர்சிஸ்ட்டுக்கும் நடுவே ஃப்ளஷை அழையுங்கள். ஃப்ளஷ் என்பது கமிட் (மாற்றங்களை இறுதியாக்குவது) அல்ல. ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், அழித்து மறுபடி எழுதுவதைவிட இருக்கும் பதிவையே அப்டேட் செய்வது மேல்.

கேள்வி: எஸ்கியூஎல்அல்கெமியில் (பைத்தானுக்கான இதேபோன்ற லைப்ரரி) ஆர்டரை அழித்தால், ஐட்டம் டேபிளில் ஆர்டர் ஐடி நல் (மதிப்பே இல்லாத வெற்றிடம்) ஆகக்கூடாது என்று பிழை வருகிறது. நான் எதையும் நல் ஆக்கவில்லை.

பதில்: நீங்கள் ஆக்கவில்லை, அது ஆக்குகிறது. டெலீட் கேஸ்கேட் (ஒன்றை அழித்தால் அதைச் சார்ந்தவையும் அழியும் ஏற்பாடு) சொல்லாவிட்டால், பேரன்ட் (இங்கே ஆர்டர்) போகும்முன் சைல்டு பதிவுகளின் (ஐட்டங்களின்) ஃபாரின் கீயை, அதாவது பேரன்ட்டைச் சுட்டும் ஐடியை, நல் ஆக்கப் பார்ப்பதே அதன் வழக்கம். ஆர்டர் கிளாஸில் உள்ள ரிலேஷன்ஷிப்பில் 'ஆல், டெலீட்-ஆர்ஃபன்' என்று கேஸ்கேட் கொடுங்கள். ஐட்டத்திலிருந்து ஆர்டருக்குப் போகும் பக்கத்தில் டெலீட் கேஸ்கேட் வைத்துவிடாதீர்கள். ஓர் ஐட்டத்தை அழித்தால் ஆர்டரும் சேர்ந்து போய்விடும்!

ஐட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால், அத்தனையையும் மெமரிக்கு ஏற்றித்தான் அழிக்கும். அப்போது டேட்டாபேஸிலேயே 'ஆன் டெலீட் கேஸ்கேட்' வைத்து, 'பாஸிவ் டெலீட்ஸ்' அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் ஃபாரின் கீ நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) தானாக வராது. நீங்களே போடாவிட்டால், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஐட்டம் டேபிள் முழுவதையும் துழாவ நேரும். எஸ்கியூஎல்லைட்டில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளையைக் கொடுத்து எழுப்ப வேண்டும்.

கேள்வி: இரண்டு டேபிள்கள் ஒன்றையொன்று சுட்டினால் எதை முதலில் அழிப்பது?

பதில்: இரண்டு பக்கமும் நல்லை ஏற்காவிட்டால், வழக்கமான அமைப்பில் எதையும் முதலில் அழிக்க முடியாது. ஒரு பக்கத்து ஃபாரின் கீயில் நல்லை அனுமதியுங்கள். முதலில் அதை நல் ஆக்கிவிட்டு அழியுங்கள். எஸ்கியூஎல்அல்கெமியில் ஒரு ரிலேஷன்ஷிப்பில் மட்டும் 'போஸ்ட் அப்டேட்' வைத்தால் இதை அதுவே செய்துகொள்ளும்.