வீட்டுக்காரருக்குக் கரிப்பித்து!

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் கணவர் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் தோட்டத்தில் குழி வெட்டி, காய்ந்த கிளைகளைச் சுட்டுக் கரியாக்கி, 'பயோசார்' என்று சொல்லி மண்ணில் புதைக்கிறார். ஏன் என்று கேட்டால் ஒரு நாள் மண்வளம் என்கிறார், ஒரு நாள் பூமி சூடாகிறது என்கிறார், இன்னொரு நாள் அமேசான் காடு. நல்லா இருந்த மனுஷரை இப்படி இழுக்கும் அளவுக்கு அந்தக் கரியில் என்னதான் இருக்கிறது?

பதில்: முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் கரி சுடுகிற ஆள்தான். அதனால் பதிலில் கொஞ்சம் கட்சிப் பாசம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொல்லும் மூன்று காரணமும் சரியானவைதான். ஆனால் எனக்குத் தெரிந்து, இந்த மூன்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கரிக்கு வந்தவர் யாரும் இல்லை. ஏதோ ஒன்று முதலில் இழுத்திருக்கும். மிச்சமெல்லாம் அப்புறம் படித்துச் சேர்த்துக்கொண்டவை.

விம் சோம்ப்ரூக் என்று ஒரு டச்சு மண்ணியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தில் கொடும் பஞ்சம் வந்தபோது அவர் சிறுவன். குடும்பம் பிழைத்தது ஒரு துண்டு நிலத்தின் விளைச்சலால். தலைமுறை தலைமுறையாகப் புல்தரையை வெட்டியெடுத்துத் தொழுவத்தில் பரப்பி, சாணத்தோடு அள்ளி வயலில் கொட்டி, மனிதர்களே உண்டாக்கிய கறுப்பு மண் அது. பிறகு 1950களில் அவர் அமேசான் பகுதிக்கு வேலைக்குப் போகிறார். சத்தில்லாத வெளிறிய மண்ணுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கறுப்பு மண், தோண்டினால் பானை ஓடு, எலும்பு, கரித்துண்டுகள். அங்கே வாழ்ந்த பழங்குடிகள் பல நூறு ஆண்டுகளாகச் சேர்த்தது. 'டெர்ரா ப்ரேட்டா' என்பார்கள், போர்த்துகீசிய மொழியில் கறுப்பு மண் என்றுதான் அர்த்தம். அவருக்கு முன்பும் பலர் அதைப் பார்த்திருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் சின்ன வயதில் தன்னைப் பிழைக்கவைத்த மண்ணின் சாயல் அதில் இருப்பதைக் கண்டவர் அவர். 1966இல் அமேசான் மண்ணைப் பற்றிப் புத்தகம் எழுதினார்; 2003இல் இறக்கும் வரை, அந்த மண்ணை மறுபடி உண்டாக்க முடியுமா என்ற கேள்வியை அவர் விடவில்லை. இன்றைய பயோசார் ஆட்கள் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது என்பது வேறு விஷயம்.

இன்னொரு பக்கம், மண்ணைப் பற்றி யோசிக்கவே செய்யாத அடுப்புக்காரர்கள். 1980களில் அமெரிக்க வேதியியலாளர் டாம் ரீட், விறகுப் புகையைக் குறைக்க, மேலிருந்து பற்றவைத்துக் கீழ்நோக்கி எரியும் அடுப்பை உருவாக்கினார். புகை குறைந்தது, கூடவே சமையல் முடிந்ததும் அடியில் ஒரு கை கரி மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று கேட்டுக் கேட்டே மண்ணுக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. ஸ்டாக்ஹோம் நகராட்சியில் மரங்களைப் பார்த்துக்கொண்ட பியோர்ன் எம்ப்ரேனின் கவலையோ நடைபாதைக்கு அடியில் காற்றும் தண்ணீரும் கிடைக்காமல் வாடிய சாலையோர மரங்கள். உடைத்த கல்லோடு கரியைக் கலந்து வேருக்கு இடம் செய்து கொடுத்தார்கள், மரங்கள் தேறின. 2017இல் நகரவாசிகளின் தோட்டக் கழிவைக் கரியாக்க ஓர் ஆலையே அங்கே வந்தது, அதில் வரும் வெப்பம் வீடுகளைச் சூடாக்கப் பயன்படுகிறது.

சரி, உங்கள் வீட்டுக்காரர்? ஞாயிறு தவறாமல் அவரைக் குழிக்கு இழுப்பது இது எதுவுமே இல்லை, நெருப்புதான் என்பது என் ஊகம். ஒரு தடவை கூடப் போய் நின்று பாருங்கள். குழியில் தீ நன்றாகப் பிடித்ததும், மேல் அடுக்கில் லேசாக வெள்ளைச் சாம்பல் பூக்கும் நேரம் பார்த்து அடுத்த அடுக்கைப் போட வேண்டும். சீக்கிரம் போட்டால் புகையும், தாமதித்தால் சாம்பலாகும். சரியான நேரத்தில் போட்டால் மேலே எரியும் தீயே வருகிற காற்றைத் தின்றுவிடும், அடியில் இருக்கும் கரிக்கு ஆக்சிஜன் போகாது, கிளம்பும் புகையும் அந்தத் தீயிலேயே எரிந்துபோகும். மூன்று மணி நேரம் கைபேசியை எடுக்காமல் ஒரு மனிதர் ஒரே விஷயத்தைக் கவனிக்கிறார் என்றால் அதுவே பெரிய காரியம்தானே? கணக்குப் பார்த்தவருக்கு இன்னொரு சுகமும் உண்டு: செலவு எழுதிய குப்பை வரவுப் பக்கத்துக்கு மாறுகிறது.

கேள்வி: கரி என்றால் கரிதானே? அடுப்புக்கரியை நொறுக்கிப் போட்டால் ஆகாதா? சாம்பலும் அதுவும் ஒன்றா?

பதில்: சாம்பல் வேறு, எல்லாம் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் உப்புகள் அது. கரி என்பது ஏறக்குறைய 400 முதல் 700 டிகிரி வெப்பத்தில், ஆக்சிஜன் போதாமல், எரியாமல் வெந்தது. கலப்பில்லாத மரக்கரியை நொறுக்கிப் போடலாம், தப்பில்லை. பசை சேர்த்து அச்சில் வார்த்த கரிக்கட்டிகள், வண்ணம் பூசிய மரம், மருந்து ஏற்றிய மரம் இவற்றின் கரி மட்டும் மண்ணுக்கு வேண்டாம்.

கேள்வி: ஆசையாக இரண்டு கூடை கரியைப் பாத்தியில் கொட்டிக் கிளறினேன். இரண்டே வாரத்தில் செடியெல்லாம் மஞ்சள். ஏமாற்று வேலையா இது?

பதில்: ஏமாற்று இல்லை, அவசரம். நானும் முதல் வருஷம் இதையேதான் செய்தேன், ஒரு பாத்தி முழுக்கப் போச்சு. புதுக் கரி உள்ளே அத்தனையும் நுண்ணிய துளை, வெறும் வயிறு மாதிரி. மண்ணில் போட்டதும் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் முதலில் அதற்கு ஊட்ட வேண்டும்: நொறுக்கி, மக்கும் குப்பையில் கலந்து ஓரிரு மாதம் விடுங்கள், அல்லது சாணக் கரைசலிலோ நீர் கலந்த சிறுநீரிலோ ஊறவையுங்கள். எனக்குப் பிடித்த வழி மாட்டுத் தொழுவத்தில் தூவிவிடுவது, நாற்றமும் குறையும், கரிக்கும் சாப்பாடு ஆகும். இன்னொன்று, கரி பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. உங்கள் மண் ஏற்கெனவே காரமாக இருந்தால் இரண்டு கூடை அதிகம், ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள். இப்போதைக்கு அந்தப் பாத்தியில் நன்கு மக்கிய உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள், பெரும்பாலும் தேறிவிடும்.

கேள்வி: விளைச்சல் இரட்டிப்பாகும் என்று காணொளிகளில் சொல்கிறார்களே?

பதில்: எந்த மண்ணில், எத்தனையாவது வருஷம் என்று சொல்கிறார்களா? 2017இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி வெப்பமண்டல நாடுகளில் சராசரியாக 25 சதவீதம் கூடுதல் விளைச்சல். மிதவெப்ப நாடுகளில் சராசரியாகப் பலன் இல்லை. அங்கே மண் ஏற்கெனவே வளமாக இருந்தால் கரிக்குச் செய்ய வேலை குறைவு. கொலம்பியாவில் அமிலத்தன்மை மிகுந்த மண்ணில், ஹெக்டேருக்கு 20 டன் கரி போட்டு மக்காச்சோளம் விதைத்த ஆய்வில் முதல் வருஷம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் 30 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது, நாலாம் வருஷம் கரி போடாத நிலத்தைவிட 140 சதவீதம் அதிகம். முதல் அறுவடையோடு கைவிட்டிருந்தால் தோல்வி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். கூடவே பாருங்கள், அந்த நாலாம் வருஷக் கணக்கை மட்டும் பிடுங்கிக் காட்டினால் எந்தக் காணொளியும் ஓடும்.

கேள்வி: கரி சுட்டால் கார்பன் கிரெடிட் வாங்கித் தருவதாக ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். நம்பலாமா?

பதில்: கார்பன் கிரெடிட் என்பது, இவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் சேராமல் தடுத்தோம் என்பதற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று. அதன் அடிப்படைக் கணக்கு உண்மை. கிளையும் சருகும் மக்கினால் அதிலுள்ள கார்பன் சில வருஷங்களில் காற்றுக்கே திரும்பிவிடும். கரியாக்கினால் ஏறக்குறைய பாதி கார்பன் கரியில் தங்கும், அதில் பெரும்பகுதி நூற்றாண்டுகளுக்கு மண்ணில் கிடக்கும். நல்ல கரி ஒரு டன்னில் உள்ள கார்பன், ஆக்சிஜனோடு சேர்ந்து காற்றுக்குப் போயிருந்தால் இரண்டரை டன் கரியமில வாயுவுக்கு மேல் ஆகியிருக்கும். ஆனால் கிரெடிட் என்பது பதிவேடு. எந்தக் கழிவு, எவ்வளவு ஈரம், எடை, ஆய்வகச் சோதனை, எந்த நிலத்தில் போட்டது என்று எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். அந்தச் செலவு யாருடையது, பணம் எப்போது வரும் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தத் துறைக்குப் பணத்துக்காக மட்டும் வந்தவர்களை நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன், அவர்களுக்குக் குப்பை தீர்ந்தால் மரம் கண்ணில் படும். உயிரோடு நிற்கும் மரத்தை வெட்டிக் கரி சுடச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அணைத்த கரியைச் சாக்கில் கட்டி வைத்தோம். மறுநாள் காலையில் சாக்கே இல்லை, ஓட்டை!

பதில்: வீடு தப்பியதே. உள்ளே ஒரு சின்னக் கங்கு போதும். தண்ணீரில் முழுக்க நனைத்து, தரையில் பரப்பி, ஒரு நாள் கழித்துக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். நொறுக்கும்போதும் ஈரமாகவே நொறுக்குங்கள், முகமூடியும் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: சரியாகச் சுட்டிருக்கிறேனா என்று ஆய்வகம் போகாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காய்ந்த இரண்டு துண்டுகளை மோதவிட்டுக் கேளுங்கள், கண்ணாடி மாதிரி கிணுகிணு என்று சத்தம் வர வேண்டும். அப்புறம் கரியைக் கையில் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். வெறும் தண்ணீரிலேயே போய்விட்டால் நல்ல கரி. பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு சோப்பு கேட்டால் தார் மிச்சமிருக்கிறது, எறிந்துவிட வேண்டாம், அடுத்த தீயில் போட்டு இன்னொரு தடவை சுட்டுக்கொள்ளுங்கள்.