வெட்டு நாளுக்கு முன் மகனிடம் பேச வேண்டியவை

அன்புள்ள அம்மா,

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இன் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் டிராஃப்ட்டின் ஏழு சுற்றிலும் மகன் தேர்வாகவில்லை. டிராஃப்ட் முடிந்த கையோடு ஓர் என்.எஃப்.எல் அணி கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. இப்போது பயிற்சி முகாமில் இருக்கிறான். சீசனுக்கு முன் நடக்கும் பிரீசீசன் ஆட்டங்களில் முதலாவதில், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கான அவனுக்குப் பந்து வந்தது நான்கே முறை, ஓடியது ஒன்பது யார்டு. பட்டத்துக்கு இரண்டு பாடம் பாக்கி. இன்டர்ன்ஷிப் செய்த நிறுவனம் வேலைக்கு அழைக்கிறது. "போதும், வந்து வேலையில் சேர் என்று சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்ல வேண்டாம் அம்மா. அணிகள் ஆட்களைக் குறைக்கும் வெட்டு நாளான 2025 ஆகஸ்ட் 26, செவ்வாய்க்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை 4 மணிக்குள் அணியே பதில் சொல்லிவிடும். இவ்வளவு தூரம் வந்த பிள்ளையைச் சில நாள் முன்னால் நாமே இழுத்துக்கொண்டு வந்தால், அந்தப் பதில் என்னவாக இருந்திருக்கும் என்ற கேள்வி அவனை விடவே விடாது. ஆனால் அந்தத் தேதிக்கு அப்புறம் என்ன செய்வது என்பதை அந்தத் தேதிக்கு முன்பே நீங்கள் இருவரும் பேசி முடித்திருக்க வேண்டும். பெயர் நீக்கப்பட்ட அன்று மனம் உடைந்திருக்கும் பிள்ளையால் எந்த நல்ல முடிவும் எடுக்க முடியாது. பெற்றோராலும் முடியாது.

முதலில், ஒன்பது யார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் கவலை அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

முகாமில் ஓர் அணிக்கு 90 பேர். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான் இருக்கலாம். அதில் ரன்னிங் பேக்குகளுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு இடம். முதல் இரண்டு இடம் யாருக்கு என்று முகாம் தொடங்கும் முன்பே ஏறக்குறைய முடிவாகியிருக்கும். உங்கள் மகன் போட்டியிடுவது மூன்றாவது, நான்காவது இடத்துக்கு. அந்த இடத்தில் இருப்பவன் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பந்து தொட்டாலே அதிகம். அவனுக்குச் சம்பளம் கொடுப்பது வேறு வேலைகளுக்காக. பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃப்பில் ஓடிப்போய் எதிராளியை வீழ்த்துவது, பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் விடும் பண்ட்டில் உதைப்பவரைக் காப்பது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மீது பாய வருபவனைத் தடுப்பது ஆகியவைதான் அந்த வேலைகள். தொலைக்காட்சியில் யாரும் கவனிக்காத இவற்றைத்தான் பயிற்சியாளர்கள் மறுநாள் காலை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.

ஒரு காட்சியை மட்டும் கூர்ந்து பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் உங்கள் மகன் குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நிற்பான். பந்து கைமாறும் முன் எதிரணியின் தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கர் ஒருவர் நடுவரிசையை நோக்கி ஓரடி முன்னால் வருவார். அது உண்மையான பாய்ச்சலா, பாவனையா என்று உங்கள் மகன் அந்த நொடியில் கண்டுபிடிக்க வேண்டும். உண்மை என்றால் பின்வாங்காமல் முன்னேறி, 230, 240 பவுண்டு எடையுள்ள அந்த ஆளின் மார்பில் இரு கைகளையும் வைத்து நிறுத்த வேண்டும். இரண்டு நொடி தாங்கினால் போதும், பந்து பறந்துவிடும். ஆளைத் தவறவிட்டால் அணியின் மிக விலையுயர்ந்த வீரர் தரையில் கிடப்பார். புதுமுக ரன்னிங் பேக்குகள் பலர் வெளியேறுவது ஓடத் தெரியாமல் அல்ல, இந்த இரண்டு நொடியை நம்பி அவர்களிடம் கொடுக்க முடியாததால்தான்.

இன்னொன்று பந்தைக் கைவிடாமல் இருப்பது. விரல்கள் பந்தின் முனையை மூட, முன்கை, முழங்கை மடிப்பு, மேற்கை, மார்பு எல்லாம் சேர்த்து அணைத்துப் பிடிக்கச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். பிரீசீசனில் ஒரு முறை பந்து நழுவினால் முன்பு ஓடிய நல்ல ஓட்டமெல்லாம் மறந்துபோகும். ஒன்பது யார்டில் பந்து நழுவவில்லையே, அது நல்ல கணக்குதான்.

டெரல் டேவிஸ் கதையை உங்கள் மகன் கேட்டிருப்பான், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். 1995-ல் டென்வர் பிராங்கோஸ் அவரை ஆறாம் சுற்றில், 196-வது ஆளாக எடுத்தது. முகாமில் ரன்னிங் பேக் வரிசையின் கடைசிப் பக்கம் கிடந்தார். பிரீசீசன் ஆட்டம் ஒன்றுக்கு டோக்கியோ போனபோது, இனி தேறாது, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றே நினைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ 49-எர்ஸ் அணிக்கு எதிராக ஒரு கிக்ஆஃப்பில் ஓடிப்போய், பந்தோடு வந்தவரை மோதி வீழ்த்தினார். பயிற்சியாளர்கள் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே தொடக்க வீரராக இறங்கி, ஆண்டு முடிவில் ஆயிரம் யார்டைத் தாண்டினார். 2017-ல், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். பந்தைத் தொடாத ஓர் ஓட்டத்தில் தொடங்கிய வாழ்க்கை அது.

இப்போது அந்த வேலைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. 2024-ல் கிக்ஆஃப் விதியை மாற்றினார்கள். 2025-ல் மறுபடி திருத்தி, பந்து நேராக மைதானத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஜோனில் போய் விழுந்தால் எதிரணிக்கு 35 யார்டு கோட்டிலிருந்து ஆட்டம் என்றார்கள். அவ்வளவு தூரம் இலவசமாகக் கொடுக்க அணிகளுக்கு மனம் வராது. அதனால் உதைத்த பந்தை எடுத்து ஓடுவதும், ஓடுபவரை மடக்குவதும் இனி அதிகம். எனவே ஆட்டம் முடிந்து அவன் அழைக்கும்போது "எத்தனை யார்டுப்பா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை ஸ்பெஷல் டீம்ஸில் போட்டார்கள்?" என்று கேளுங்கள். கிக்ஆஃப், பண்ட் போன்ற உதை ஆட்டங்களுக்கு இறங்கும் குழுக்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். முகாமில் என்ன நடக்கிறது என்பது அம்மாவுக்குப் புரிகிறது என்று தெரிந்தாலே அவன் மனம்விட்டுப் பேசுவான்.

பணத்துக்கு வருவோம். "மூன்று வருட ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களே" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது மூன்று வருடச் சம்பளத்துக்கு உறுதிமொழி அல்ல. டிராஃப்ட்டில் தேர்வாகாதவர்களுக்கு வழக்கமாகப் போடும் ஒப்பந்தம் அது. அணி எந்த நாளும் விடுவிக்கலாம். கையெழுத்தின்போது கொடுத்த தொகையும், தனியாக உத்தரவாதம் என்று எழுதியிருக்கும் தொகையும் மட்டும்தான் அவனுடையவை. 2025-ல் 53 பேரில் இடம்பிடிக்கும் புதுமுகத்துக்குக் குறைந்தபட்சம் 8,40,000 டாலர். ஆனால் அது சீசன் தொடங்கிய பிறகு, 18 வாரத்துக்குக் கணக்கிட்டு, அணியில் இருக்கும் வாரங்களுக்கு மட்டுமே வரும். முகாமில் கிடைப்பது சிறு வாரப்படிதான். ஆகவே இதை நம்பிக் கார், வீடு, யாருக்காவது கடன் என்று எதிலும் இறங்க வேண்டாம். ஏஜென்ட் கமிஷன் வீரர் சங்க விதிப்படி 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

உடம்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். இடம் போய்விடுமோ என்ற பயத்தில் தொடைத் தசைப்பிடிப்பையும் தலையில் பட்ட அடியையும் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. மறைக்கவே கூடாது என்று சொல்லுங்கள். முகாமில் காயம்பட்டது பதிவாகியிருந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் அணி பொறுப்பேற்க வேண்டியிருக்கும். பதிவில்லாமல், வெளியேறும்போது செய்யும் மருத்துவச் சோதனையில் "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த உரிமையைப் பிறகு மீட்பது கஷ்டம். வலி இருந்தால் வலி என்று எழுத வேண்டும். தலைக்காயத்தில் பேரமே கிடையாது.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடக்கும்? காலையில் அணி அலுவலர் ஒருவர் வந்து, கோச் பார்க்க வேண்டும் என்கிறார், ஆட்டத் திட்டங்கள் அடங்கிய பிளேபுக்கை எடுத்துக்கொண்டு வா என்பார். இப்போது அது ஒரு டேப்லெட். அந்த நேரத்தில் 32 அணிகளிலும் சேர்த்து 1,100 பேருக்கு மேல் இப்படி வெளியே வருவார்கள். அவமானம் என்று நினைக்க இதில் எதுவும் இல்லை.

வெளியே வந்ததும் கதை முடிந்துவிடுவதுமில்லை. புதுமுகமாக இருப்பதால் அவன் பெயர், விடுவிக்கப்பட்டவர்களை மற்ற அணிகள் கேட்டு எடுக்கும் வெய்வர் பட்டியலுக்குப் போகும். மறுநாள் நண்பகலுக்குள் வேறு எந்த அணியும் அவனைக் கேட்கலாம். பிரீசீசன் ஆட்டங்களை மற்ற 31 அணிகளும் பார்க்கின்றன, அந்த வீடியோதான் அவனுடைய பயோடேட்டா. யாரும் கேட்காவிட்டால், 53 பேருக்கு வெளியே அணியோடு பயிற்சி செய்யும் பிராக்டிஸ் ஸ்குவாட். அணிக்கு 16 இடம், 2025-ல் வாரத்துக்குக் குறைந்தது 13,000 டாலர். முழு சீசனும் இருந்தால் இரண்டு லட்சம் டாலருக்கு மேல். எந்த வாரமும் மேலே அழைக்கப்படலாம், வேறு அணி தன் 53-ல் சேர்த்துக்கொள்ளவும் செய்யலாம். ஏரியன் ஃபாஸ்டர் 2009-ல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸில் இப்படித்தான் கழித்துவிடப்பட்டு பிராக்டிஸ் ஸ்குவாடுக்குப் போனார். அடுத்த ஆண்டு 1,616 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம். ரஹீம் மோஸ்டர்ட்டை ஆறு அணிகள் கைவிட்டன. 2020 ஜனவரியில் 49-எர்ஸை இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோன ஆட்டத்தில் 220 யார்டும் நான்கு டச்டவுனும் அவர் கணக்கு. இவர்கள் விதிவிலக்குகள்தான், மறைக்க மாட்டேன். ஆனால் பிராக்டிஸ் ஸ்குவாடைத் தோல்வி என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் வேலையில் தகுதிகாண் பருவம் போல அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, அவனிடம் இந்த வாரமே பேச வேண்டியது. ஒரு ஞாயிறு மாலை, அவனுக்கு ஓய்வாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள். பிராக்டிஸ் ஸ்குவாட் அழைப்பு வந்தால் எத்தனை சீசன் வரை? எதுவும் வராவிட்டால் அணிகள் அழைக்கும் சோதனைப் பயிற்சிகளுக்காக எந்த மாதம் வரை உடம்பைத் தயாராக வைத்துக்கொள்வது? வசந்தகாலத்தில் நடக்கும் யு.எஃப்.எல் லீக்குக்குப் போக அவனுக்கு விருப்பமா? எல்லையை அவனே சொல்லட்டும், நீங்கள் ஒத்துக்கொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், ரன்னிங் பேக்குக்கு இரண்டு முகாம் நியாயமான அளவு. இந்த இடத்தில் உடம்பு சீக்கிரம் தேயும், ஒவ்வோர் ஏப்ரலிலும் இளையவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

பாக்கியிருக்கும் இரண்டு பாடத்தை நான் இதைவிட அவசரமாகப் பார்க்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இலையுதிர் பருவம் ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்குகிறது, பாடம் சேர்க்கும் கெடு சில நாளில் முடிந்துவிடும். வெட்டு நாளும் அதே வாரம். அதனால் கல்வி ஆலோசகரிடம் இப்போதே மின்னஞ்சலில் பேசி, ஆன்லைனில் எடுக்க முடியுமா, கெடுவுக்குப் பிறகு சேர அனுமதி உண்டா, ஜனவரிப் பருவத்துக்குத் தள்ளினால் கட்டணம் என்ன ஆகும் என்று கேட்டு வைக்கட்டும். இதை அவன்தான் செய்ய வேண்டும், நீங்கள் ஞாபகப்படுத்தினால் போதும்.

வேலை தருவதாகச் சொன்ன நிறுவனத்திடமும் உண்மையைச் சொல்லலாம். என்.எஃப்.எல் முகாமில் இருக்கிறேன், செப்டம்பர் முதல் வாரத்தில் உறுதியாகப் பதில் சொல்கிறேன், முடிந்தால் ஜனவரியில் சேர அனுமதியுங்கள் என்று நாலு வரி. இதைக் காரணமாக வைத்து வாய்ப்பைப் பறிக்கும் மேலாளர்கள் குறைவு.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "டீம்ல எடுத்துட்டாங்களா?" என்று கேட்கும் சித்தப்பா, பெரியம்மா எல்லோருக்கும் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவன் போன் ஏஜென்ட்டுக்காகக் காலியாக இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் உத்தரவாதத் தொகை எவ்வளவு, காயம்பட்டால் சம்பளம் குறையும் என்று ஏதாவது பிரிவு இருக்கிறதா என்று அவனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு நிறுவனத்திடம் எந்தத் தேதி கேட்கலாம் என்று சொல்கிறேன்.